கப்பல் விருந்துக்குப் பட்டுப்புடவை போதுமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் மகளும் மருமகனும் எங்கள் இருவருக்கும் ‘குயின் மேரி 2’ கப்பலில் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்வரை டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். ஏழு இரவுப் பயணம். அதில் இரண்டு மாலைகள் ‘காலா ஈவ்னிங்’, அன்றைக்கு ‘பிளாக் டை’ உடை என்று கப்பல் கம்பெனி அனுப்பிய தாளில் போட்டிருக்கிறது. என் கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் டை கட்டியதே இல்லை. “வேட்டிதான் கட்டுவேன், விட்டால் விடட்டும்” என்கிறார். எனக்குப் பட்டுப்புடவை போதுமா, கவுன் கிவுன் வாங்க வேண்டுமா? விமானத்தில் முதல் வகுப்பில் போகிறவர்களைக்கூட யாரும் இப்படி உடுத்தச் சொல்வதில்லையே! ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கப்பலில் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, முதலில் உங்கள் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். பட்டுப்புடவை தாராளமாகப் போதும். கவுன் வேண்டவே வேண்டாம். உங்கள் கணவர் டை கட்டாமல் போகவும் வழி இருக்கிறது. வேட்டிக்கும் இடம் உண்டு, அதற்குக் கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும். அந்த விவரங்களுக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் ‘ஏன்’தான் அருமையான கேள்வி. அது விளங்கிவிட்டால், பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்பதில் குழப்பமே இருக்காது.

‘டைட்டானிக்’ படம் பார்த்தவர்களுக்கு அந்த விருந்துக் காட்சி மறந்திருக்காது. ஏழைப் பையன் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு முதல் வகுப்புச் சாப்பாட்டு அறைக்குள் நுழைவான். அதைப் பார்த்துவிட்டு, பணக்காரரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டத்தான் கப்பலில் இந்த உடை விதி வந்தது என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்தது உண்மை. ஆனால் விதியின் காரணம் அதுவாக இருந்தால், இன்று அது எப்படி இருக்க வேண்டும்? குயின் மேரி 2 கப்பலில் எடுத்த அறையின் விலைக்குத் தக்கபடி சாப்பாட்டு இடம் மாறும். பெரும்பாலானவர்களுக்கு ‘பிரிட்டானியா’. விலை கூடிய அறைக்காரர்களுக்கு ‘பிரின்சஸ் கிரில்’, ‘குயின்ஸ் கிரில்’. காலா மாலையில் உடை விதியோ மூன்றுக்கும் ஒன்றுதான். பிரிப்பதற்கென்று வந்த விதி இப்படிப் பொதுவாக இருக்காது. ஆகவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உடை மாற்றுவது கப்பல்காரர்கள் கண்டுபிடித்த வழக்கமே அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் வசதியான வீடுகளிலும் பெரிய ஹோட்டல்களிலும் அது அன்றாட நடப்பு. வீட்டு மனிதர்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிடும்போதும் உடை மாற்றிக்கொண்டுதான் வருவார்கள். கப்பலில் ஏறியபோது அந்தப் பழக்கமும் கூடவே ஏறியது. கரையில் அது மெல்ல மெல்ல மறைந்தது, கப்பலில் நிலைத்துவிட்டது. ஏன் நிலைத்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நீங்கள் போகப்போவது ‘லைனர்’. அதாவது, ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கிவிடும் பயணக் கப்பல். ஊர் ஊராகக் காட்டிவிட்டு ஏறிய துறைமுகத்துக்கே திரும்பும் க்ரூஸ் கப்பல் வேறு வகை. அட்லாண்டிக்கைக் கடக்கும்போது வழியில் துறைமுகம் கிடையாது, இறங்கிப் பார்க்க ஊர் கிடையாது, எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். நாளுக்கு ஒரு முகம் கொடுக்க மாலையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. கப்பல் கட்டியவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். 1935இல் ஓடத் தொடங்கிய ‘நார்மண்டி’ என்ற பிரெஞ்சுக் கப்பலின் முதல் வகுப்புச் சாப்பாட்டு அறை 93 மீட்டர் நீளம். லலிக் நிறுவனம் செய்த 12 கண்ணாடி ஒளித்தூண்கள் அதற்குள் நின்றன. உயரமான கதவைத் தாண்டிப் படிகளில் இறங்கித்தான் உள்ளே வர வேண்டும். இறங்கி வருகிறவரை, உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் படியே கட்டினார்கள்.

இதற்கு இன்னொரு சான்று, எந்த ராத்திரியில் உடை வேண்டாம் என்பதில் இருக்கிறது. பழைய லைனர்களில் முதல் இரவும் கடைசி இரவும் யாரும் விருந்து உடை போட மாட்டார்கள். முதல் இரவு பெட்டி திறந்திருக்காது, கடைசி இரவு பெட்டி கட்டியாகியிருக்கும். அன்று டிரங்குப் பெட்டிகளில் ‘பயணத்தில் தேவை’, ‘பயணத்தில் தேவையில்லை’ என்று தனித்தனிச் சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். இன்றும் கதை பெரிதாக மாறவில்லை. ஏறும் நாளில் உங்கள் பெட்டி கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். இறங்கும் நாளுக்கு முந்தின இரவு பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். அதனால்தான் காலா மாலைகளை ‘கடல் நாள்’ பார்த்து, பயணத்தின் நடுவில் வைக்கிறார்கள். கடல் நாள் என்றால் கப்பல் எந்தத் துறைமுகத்தையும் தொடாத நாள். எல்லோரும் கப்பலிலேயே இருப்பார்கள், நிதானமாகத் தயாராக நேரம் கிடைக்கும். நீங்கள் மேற்கே போவதால் நேரம் இன்னும் தாராளம். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் உள்ள 5 மணி நேர வித்தியாசத்தை ஒரே நாளில் சரிக்கட்டாமல், ஐந்து நாட்களில் நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்த நாட்களுக்கு 25 மணி நேரம்!

ஆக, விதி சாப்பாட்டுக்காக வந்ததல்ல, மாலைக்காக வந்தது. சாப்பாடு முடிந்ததும் ‘குயின்ஸ் ரூம்’ என்ற நடனக் கூடத்தில் வாத்திய இசையோடு பால்ரூம் நடனம் நடக்கும். ஆடாதவர்களும் சுற்றிலும் உட்கார்ந்து பார்ப்பார்கள். மாடிப்படி ஓரங்களில் புகைப்படக்காரர்கள் திரை கட்டிக் காத்திருப்பார்கள், அது கம்பெனிக்கு வருமானமும்கூட. நம் ஊர்க் கல்யாண ரிசப்ஷனுக்கு என்ன கட்டிக்கொண்டு போவது என்று யாரும் தாள் அனுப்புவதில்லை. ஆனாலும் வீட்டில் கட்டும் புடவையோடு யாரும் போவதில்லை. காலா மாலை கேட்பது அதைத்தான். விமானத்தில் எட்டு மணி நேரம் நாற்காலியில் கட்டுண்டு கிடப்பவருக்கு அப்படி ஒரு மாலை ஏது?

இனி உடைக்கு வருவோம். ‘பிளாக் டை’ என்பதைக் கறுப்பு டை கட்டுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு முழு உடையின் பெயர்: கழுத்துப் பட்டையில் பளபளப்பான பட்டுத் துணி வைத்த கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, வண்ணத்துப்பூச்சி வடிவில் கட்டும் போ டை. அமெரிக்கர்கள் டக்சீடோ என்பது இதைத்தான். இது இல்லாவிட்டால் அடர்நிற சூட்டும் சாதாரண டையும் போதும். இரண்டு மாலைக்காக டக்சீடோ தைத்துக்கொள்வது வீண் செலவு என்பது என் திடமான கருத்து. தேச உடைக்கும் கம்பெனி இடம் தருகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் முழங்கால்வரை மடிப்பு வைத்த கில்ட் கட்டிக்கொண்டு அதே கூடத்தில் நடப்பதைப் பார்ப்பீர்கள்.

இந்த வழக்கம் பார்வைக்குத் தெரிவதுபோல அத்தனை இறுக்கமானதும் அல்ல. செங்கடல் வெயிலில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள் கோட்டைக் கழற்றிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இடுப்பில் அகலமான பட்டுக் கச்சை, அதோடு விருந்துக்கு உட்கார்ந்தார்கள். ‘ரெட் ஸீ ரிக்’ என்ற பெயரோடு அதுவும் மரியாதையான விருந்து உடையாகிவிட்டது. அந்த இடுப்புக் கச்சையும் இந்தியாவில் இருந்த ராணுவ அதிகாரிகள் இங்கிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

வேட்டி என்றதும் 2014 நினைவுக்கு வரும். சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்துக்குள் வேட்டி கட்டிய நீதிபதியை விடவில்லை, பெரிய கொந்தளிப்பு எழுந்தது, அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. நம் ஆண்கள் மனதில் அந்த உறுத்தல் இன்னும் இருப்பது நியாயமே. அந்தச் சட்டம் இந்தக் கப்பலில் செல்லாது. கப்பல் பதிவாகியிருப்பது பெர்முடாவின் ஹாமில்டன் துறைமுகத்தில். ஆனால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட வேண்டிய தேவையே இல்லை, தேச உடை என்ற வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. அதன் வழியாக வேட்டியை விருந்து உடையாக உள்ளே கொண்டுபோவது உங்கள் கணவர் கையில் இருக்கிறது.

பட்டு வேட்டியோ, கரை போட்ட நல்ல எட்டு முழ வேட்டியோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கணுக்கால்வரை தொங்க வேண்டும், மடித்துக் கட்டக் கூடாது. அட்லாண்டிக்கில் கப்பல் அசையும். ஆகவே இடுப்பில் பெல்ட்டோ, வெல்க்ரோ வைத்த வேட்டியோ நிம்மதி தரும். மேலே முழுக்கைச் சட்டை, அதன்மேல் பந்த்கலா. பந்த்கலா என்பது கழுத்துவரை பொத்தான் போட்டு மூடும் கோட்டு. வேட்டிமேல் கோட்டா என்று அவர் தயங்கலாம். நம் பாட்டன்மார் கோர்ட்டுக்கும் கல்லூரிக்கும் வேட்டிமேல் க்ளோஸ் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் போனார்கள். கழுத்து மூடியிருப்பதால் டைக்கு வேலையே இல்லை. காலுக்குத் தோல் கட் ஷூ. ரப்பர் செருப்பு மட்டும் கூடாது. அதே பந்த்கலாவை அடர்நிறப் பேண்ட்டோடு போட்டால் அடுத்த காலா மாலையும் முடிந்தது. ஆண்களுக்கு ஒரே ஒரு உடைதான் தைக்க முடியும் என்றால் இதையே தைக்கச் சொல்வேன்.

உங்களுக்குப் பக்கத்திலேயே திருபுவனம் இருக்கிறது. விசிறி மடிப்பில் வரும் அந்தப் பட்டு ஒன்று, ஜரிகை குறைந்த சாஃப்ட் சில்க் ஒன்று போதும். காலா மாலைகளுக்குச் சில சமயம் கருப்பொருள் வைப்பார்கள். ‘சிவப்பும் பொன்னும்’ என்றால் அரக்குப் புடவைக்கு மேல் என்ன வேண்டும்? ‘கறுப்பும் வெள்ளையும்’ என்றால் பீரோவில் கறுப்புப் பட்டு இருக்காது. கவலைப்பட வேண்டாம், அது கட்டாயமில்லை. எம்.எஸ். நீலமே கம்பீரமாக இருக்கும்.

கொசுவத்தைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிக் கட்டுங்கள். படி இறங்கும்போது ஒரு கை கைப்பிடியில், ஒரு கை கொசுவத்தில் இருக்கும். எனவே கையில் பிடிக்கும் பர்ஸ் வேண்டாம், தோளில் மாட்டும் சின்னப் பை கொண்டுபோங்கள். குதிகால் உயர்ந்த செருப்பும் வேண்டாம். தலைப்பை இரண்டு இடத்தில் பின் குத்துங்கள். உள்ளே ஏசி குளிரும், ஒரு ஷால் வேண்டும். பட்டுப்புடவையோடு மேல்தளத்தில் நெடுநேரம் நிற்காதீர்கள். நல்ல ஜரிகை, பொன்முலாம் பூசிய வெள்ளிக் கம்பி. உப்பு கலந்த ஈரக்காற்று அதன் பளபளப்பைக் குறைத்துவிடும். கட்டி முடித்த புடவையை ஆறவிட்டு மல்துணியில் சுற்றி வையுங்கள்.

இஸ்திரிப் பெட்டி எடுத்துப்போகாதீர்கள். நடுக்கடலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை என்பதால் கேபினில் அதற்கு அனுமதி கிடையாது. பயணிகளே துவைத்துத் தேய்த்துக்கொள்ளும் அறை கப்பலில் இருக்கிறது. காலா மாலையன்று சாயங்காலம் அங்கே கூட்டம் அதிகம். காலையிலேயே போய்த் தேய்த்துவிடுங்கள்.

மற்ற மாலைகளுக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. ஆறு மணிக்கு மேல் உங்களுக்கு நல்ல பருத்திப் புடவை, அவருக்குக் காலர் வைத்த சட்டையும் பேண்ட்டும் போதும். காலா மாலையில் உடுத்திக்கொள்ள மனமில்லை என்றாலும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ‘கிங்ஸ் கோர்ட்’ பஃபேயில் அப்படியே போய்ச் சாப்பிடலாம். சிங்கப்பூரிலிருந்து குறுகிய க்ரூஸ் போகும் வாசகர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே விதி இவ்வளவு கூர்மையாக இருக்காது. நார்வீஜியன் கம்பெனி 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே கட்டாய விருந்து உடையைக் கைவிட்டுவிட்டது.

கடைசியாக அந்த முன்னேற்பாடு. உங்கள் மகளை விட்டுக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்: இந்தியத் தேச உடையில் வருகிறோம் என்று எழுதி, உங்கள் கணவர் வேட்டியும் கோட்டுமாக நிற்கும் படம் ஒன்றை இணைக்கட்டும். வரும் பதிலை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் நிற்கும் புதிய ஊழியருக்குச் சந்தேகம் வந்தால் காட்டலாம். வேட்டி மட்டும் இரண்டாக இருக்கட்டும். முதல் மாலையில் சாஸ் பட்டுவிட்டாலும், மறு விருந்துக்கு மாற்று கையில் இருக்கும்.