கேள்வி போய்ச் சேரட்டும்: லைவ் நடத்த வரும் தம்பி தங்கைகளுக்கு

கல்யாண லைவ், கும்பாபிஷேக லைவ், டிஎன்பிஎஸ்சி வகுப்பு என்று ஊருக்கு ஊர் இளைஞர்கள் இந்த வேலைக்கு வருகிறீர்கள். கேமராவையும் லைட்டையும் பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் பேசுவதற்கும் அது எதிர்முனையில் கேட்பதற்கும் நடுவே ஓடும் அந்தச் சில நொடிகளைப் பற்றி யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. நன்றாகத் தயாரித்த நிகழ்ச்சிகள்கூட அங்கேதான் கெட்டுப்போகின்றன. பார்க்கிறவர் உங்களோடு பேச ஆசைப்பட்டு வருகிறார். அந்த ஆசையைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

1. தாமதத்தை அளந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒரு போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு கேமரா முன்னால் வையுங்கள். இன்னொரு போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்கள் லைவைத் திறங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, மூன்றாவது போனால் ஒரே படமாக எடுங்கள். ஸ்டாப்வாட்ச்சில் 1:42, லைவில் 1:19 என்றிருந்தால் உங்கள் தாமதம் 23 நொடி. அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். இடமும் இணைப்பும் மாறினால் எண்ணும் மாறும். அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் அளக்க வேண்டும். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இந்த எண்ணை நம்பித்தான்.

2. தூரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

“அத்தை டொராண்டோவில் இருக்காங்க, லேட்டாத்தான் வரும்” என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். ஃபைபர் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. கனடா வரைக்கும் போய்ச் சேர ஒரு நொடியில் ஒரு சிறு பங்கு போதும். மண்டபத்துக்கு அடுத்த தெருவில் இருக்கும் சித்தப்பாவுக்கும் கிட்டத்தட்ட அதே 23 நொடிதான்.

நேரம் போவது வேறு இடங்களில். என்கோடர் படத்தைச் சுருக்குகிறது. சர்வர் அதைப் பல தரங்களுக்கு மாற்றுகிறது. பிறகு துண்டு துண்டாக நறுக்கி அனுப்புகிறது. 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டு 10 நொடி. பிளேயர் மூன்று துண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். அங்கேயே அரை நிமிடம் ஆயிற்று. பின்னால் அந்த 10 நொடியை 6 ஆகக் குறைக்கச் சொன்னார்கள். 2019-இல் துண்டையும் சிறு சிறு பகுதிகளாக அனுப்பும் முறையை அறிவித்தார்கள்.

இதில் உங்கள் கையில் இருப்பது ஒன்று: கீஃப்ரேம் இடைவெளி, அதாவது முழுப் படமாகப் போகும் ஃபிரேம் எத்தனை நொடிக்கு ஒருமுறை வருகிறது என்பது. துண்டு கீஃப்ரேமில்தான் தொடங்க முடியும் என்பதால், லைவ் அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் அதை 0 என்று விட்டுவிடாமல் 2 நொடி என்று குறித்துவிடுங்கள். யூடியூப் கேட்பதும் அதைத்தான்.

3. எல்லா நிகழ்ச்சிக்கும் குறைந்த தாமதம் வேண்டியதில்லை.

யூடியூபில் நார்மல், லோ, அல்ட்ரா லோ என்று மூன்று லேட்டன்சி வகைகள் உண்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் மூன்றாவதையே அழுத்துகிறார்கள். தாமதம் குறையக் குறையப் பிளேயரிடம் கையிருப்பும் குறையும். இணைப்பு ஒரு கணம் தடுமாறினாலும் படம் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் எல்லாரும் போனைத் தூக்குவார்கள், டவர் திணறும். தாலி கட்டுகிற நேரத்தில் வட்டம் சுற்றினால் விமானம் ஏற முடியாத சொந்தங்களுக்கு அந்தக் காட்சி போயே போய்விட்டது. கல்யாணத்தில் யாரும் உங்களிடம் கேள்வி கேட்கப்போவதில்லை. நார்மலிலேயே விடுங்கள்.

வகுப்பு, கேள்வி பதில், வினாடி வினா என்றால் லோ அல்லது அல்ட்ரா லோ. நேருக்கு நேர் பேசுவதுபோலவே வேண்டுமென்றால் அது கூகுள் மீட் மாதிரி வெப்ஆர்டிசி-யில் ஓடுகிறவற்றின் வேலை. அங்கே தாமதம் ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அப்படி அனுப்பச் செலவு கூடும்.

4. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்காதீர்கள்.

“வணக்கம், சத்தம் கேட்குதா?” என்று கேட்டுவிட்டு, கமெண்டையே வெறித்துப் பார்த்து நிற்கிற எத்தனை லைவ்! கணக்குப் போடுங்கள். உங்கள் கேள்வி அவருக்குப் போக 23 நொடி. அவர் யோசித்துத் தட்டச்சு செய்ய ஒரு பத்து நொடி. கமெண்ட் எழுத்துதானே, ஒன்றிரண்டு நொடியில் வந்துவிடும். ஆக, முதல் பதிலுக்கே 35 நொடி. அவ்வளவு நேரம் பேசாமல் நின்றால் வந்தவர் போய்விடுவார். பதிவை அப்புறம் பார்க்கிறவருக்கும் வெறும் மௌனம்தான் கிடைக்கும்.

சத்தத்தை உங்கள் இரண்டாவது போனில் ஹெட்ஃபோன் மாட்டி நீங்களே சோதித்துக்கொள்ளலாம், அதற்குப் பார்வையாளர் வேண்டாம். அவரிடம் கேட்பது உண்மையான கேள்வியாக இருக்கட்டும். “குரூப் 4-இல் உங்களுக்குக் கஷ்டமான பகுதி எது? எழுதுங்க, அதற்குள் நேற்றைய கணக்கை முடித்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். கணக்கு முடியும்போது பதில்கள் வந்து நிற்கும். வருகிறவர்கள் தாங்கள் எழுதியதை நீங்கள் மதித்துப் படிக்கிறீர்கள் என்று உணர்வார்கள். நல்ல ஆசிரியர்கள் இந்த ஓட்டத்தை ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள்.

5. ஆமா, இல்லை என்று பதில் வருகிற கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்காதீர்கள்.

“புரிஞ்சுதா?” என்று கேட்டு, உடனே “ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்றும் கேட்டால், அரை நிமிடம் கழித்து வருகிற ‘ஆமா’ எதற்கு? யாருக்கும் தெரியாது. ஒரு சொல்லாவது எழுத வேண்டியிருக்கும்படி கேளுங்கள்.

6. கமெண்ட்டை வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

“இது ஏன் 14?” என்று ஒரு பிள்ளை எழுதும்போது அந்தப் பிள்ளையின் திரையில் மூன்றாவது படி இருக்கிறது. நீங்கள் ஐந்தாவது படியில் நிற்கிறீர்கள். “அது அப்படித்தான்” என்று ஐந்தாவதைப் பார்த்துச் சொன்னால் எல்லாரும் குழம்புவார்கள். பெயரைச் சொல்லி, கேள்வியை முழுதாக வாசித்து, போர்டில் மூன்றாவது படியைக் கையால் காட்டிவிட்டு விளக்குங்கள். ஒவ்வொருவருடைய தாமதமும் வேறு. நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டவர் இரண்டு நிமிடம் பின்னால்கூட இருப்பார்.

7. ‘முதலில் சொல்பவருக்குப் பரிசு’ வேண்டவே வேண்டாம்.

நல்ல ஃபைபர் இணைப்புள்ளவர் 5 நொடியில் கேள்வியைக் கேட்கிறார். கிராமத்தில் டேட்டாவில் பார்க்கிறவர் 30 நொடியில். இந்தப் போட்டியில் அறிவுக்கு வேலை இல்லை. அளந்த தாமதத்தைப்போல இரண்டு பங்கு நேரம் கொடுத்து, அதற்குள் வந்த சரியான பதில்களில் குலுக்கல் போடுங்கள். விடையையும் அதற்குப் பிறகே சொல்லுங்கள்.

கிரிக்கெட் பார்த்துக்கொண்டே பேசும் லைவிலும் இதே சிக்கல்தான். 2023 ஐபிஎல் இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டியிருந்தது. ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். அப்படியொரு பந்தை டிவியில் முன்னால் பார்த்துவிட்டவர் கமெண்ட்டில் போட்டு உடைத்தால், போனில் பார்க்கிறவருக்கு என்ன மிச்சம்? பந்து முடிவை உடனே எழுத வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள், ஒருவர் அடுத்தடுத்து கமெண்ட் போடுவதைத் தடுக்கும் ஸ்லோ மோடும் போடுங்கள்.

8. போனில் விருந்தினரைச் சேர்த்தால், லைவ் சத்தத்தை அணைக்கச் சொல்லுங்கள்.

“டிவி வால்யூமைக் குறைச்சுக்கங்க” என்று தொகுப்பாளர்கள் கெஞ்சியதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். இங்கே எதிரொலி 23 நொடி கழித்து வரும் என்பதுதான் வித்தியாசம்.

9. சில இடங்களில் தாமதத்தை நீங்களே கூட்ட வேண்டும்.

நீதிமன்ற விசாரணைகளை ஒளிபரப்ப 2021-இல் வெளியான மாதிரி விதிகள் 10 நிமிடத் தாமதத்தை வைத்திருக்கின்றன. வெளியே போகக்கூடாதது போகுமுன் தடுக்க அவகாசம் வேண்டும். ஆன்லைன் கேம் ஆடுகிறவர்கள் எதிரி தங்கள் லைவைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்காதிருக்கத் தாமதம் வைக்கிறார்கள். குழந்தைகள் மேடையேறும் பள்ளி விழாவுக்கும் ஓபிஎஸ்ஸில் ஒரு நிமிடம் போட்டுவையுங்கள் என்பது என் கருத்து.

10. முடிக்கிற நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்.

“நன்றி, வணக்கம்” என்றதும் ஸ்டாப்பை அழுத்திவிடுகிறீர்கள். அவர்கள் அந்த வணக்கத்தைக் கேட்பதே 23 நொடி கழித்து. கடைசிச் சந்தேகத்தை எழுதும்போது நீங்கள் அங்கே இல்லை. மூன்று நிமிடம் முன்பே “இனி வருகிற கேள்வியோடு முடிக்கிறேன்” என்று சொல்லுங்கள். வணக்கம் சொன்ன பிறகும் ஒரு நிமிடம் நாளைய பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கமெண்ட்டைப் பாருங்கள். அப்போதும் ஒரு கேள்வி வந்தால், அதற்கும் பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.