அமுதுபடி: அளவும் நிறையும்

திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக, ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள். அந்த நேர்த்தியை எம்பெருமானார் பிற்காலத்தில் நிறைவேற்றியருளினார் என்பது குருபரம்பரை வழக்கு. தடா என்பது பெரும் பாத்திரம். நாச்சியாரின் நேர்ச்சை பாத்திரக் கணக்கால் அமைந்தது. தராசுக் கணக்கால் அன்று.

திருக்கோயில்களின் பழைய கட்டளைகளிலும் அரிசி, பருப்பு, நெய், மிளகு ஆகியவை முகத்தல் அளவிலேயே குறிக்கப்பெற்றன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். சர்க்கரையைப் பலக் கணக்கில் நிறுத்தளித்ததைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. வெல்லக்கட்டிகளின் இடையே வெற்றிடம் மிகுதியாதலின், அதனை முகந்தளத்தல் பொருந்தாது. மேலும், மரக்கால் இடத்துக்கிடம் வேறுபட்டமையால், ‘அருமொழிதேவன்’, ‘ராஜகேசரி’ என அளக்கும் மரக்காலின் பெயரையும் சோழர் காலத்தார் கல்லில் பொறித்தனர்.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைகள் நாட்டில் நடைமுறைக்கு வந்தன. இன்று கட்டளை படியில் நிற்க, கடைச்சரக்கு கிலோவில் வருகிறது. இவ்விரண்டிற்கும் இடையே பிழை நேர்ந்தால் விளைவு சிறிதன்று. பெருமாள் அமுது செய்தருளும் முன்னர்த் தளிகையை எவரும் சுவைத்துப் பார்ப்பதில்லை. உப்பு மிகுந்ததோ குறைந்ததோ என்று நாவால் அறிந்து திருத்த வழியில்லை. ஆதலின் மடைப்பள்ளியில் அளவே நாவாகும்.

‘ஒரு படி ஒரு கிலோ’ என்று கொள்வது பெரும்பிழை. சரியான முறை எளியது. முதலில் வெறும் படியை நிறுத்துக்கொள்க. பின்னர் அதில் விளிம்புவரை நீர் நிரப்பி மீண்டும் நிறுக்க. ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோ நிறையுடையது. ஆகவே கூடுதலாக வந்த கிலோ எத்தனையோ, அத்தனை லிட்டர் அப்படியின் கொள்ளளவாகும்.

அடுத்து, ஒரு லிட்டர் கொள்ளளவில் தலைதட்டி அளந்த பொருள்களின் நிறை ஏறத்தாழ வருமாறு:

பச்சரிசி – 800 முதல் 850 கிராம்
பாசிப்பருப்பு – 850 கிராம்
சீனி – 850 கிராம்
ரவை – 700 கிராம்
கோதுமை மாவு – 500 முதல் 550 கிராம்
தூளுப்பு – 1,200 கிராம்

ஒரு கோயிலின் படி ஒன்றரை லிட்டர் கொள்வதாகக் கொள்வோம். அப்படியால் ஒரு படி அரிசி 1,200 முதல் 1,275 கிராம் நிற்கும். இருபது படி அரிசிக் கட்டளைக்கு 24 முதல் 25½ கிலோ வேண்டும். படிக்கு ஒரு கிலோ என்று இருபது கிலோ மட்டும் வாங்கினால், நான்கு கிலோவுக்குக் குறையாமல் அமுதுபடி குறைந்துவிடும். வரிசையின் கடைசியில் நிற்கும் சேவார்த்தியே அக்குறையை அனுபவிப்பவர்.

உப்பில் பிழை எதிர்த்திசையில் நேரும். கல்லுப்பின் பருக்கைகளிடையே காற்று நிற்கும். தூளுப்பு நெருங்கிப் படியும். கல்லுப்புக்கென வகுத்த ஆழாக்கைத் தூளுப்பால் நிரப்பினால், புளியோதரை கரித்துவிடும்.

குவித்தளந்த படி, தலைதட்டிய படியினும் மிகும். குலுக்கி அளந்தால் மேலும் கொள்ளும். புதிய அரிசிக்கும் பழைய அரிசிக்கும் ஈரத்தால் நிறை வேறுபடும். ஆகவே மேற்கண்ட கணக்கு ஒரு வழிகாட்டியே. அந்தந்தக் கோயிலின் படியால், அந்தந்தச் சரக்கை மும்முறை அளந்து நிறுத்து, சராசரி கண்டு, கட்டளைப் புத்தகத்தில் படியளவின் அருகே கிலோவையும் எழுதி வைத்தல் நலம். பழைய படியையும் கைவிடாது காத்தல் வேண்டும்; கட்டளையின் பொருளை உணர்த்தும் சாட்சி அதுவே.

கட்டளை ஏற்படுத்திய பெரியோர் மறைந்தாலும், அவர்கள் அளந்து வைத்த அன்பு அளவு குறையாமல் பெருமாள் திருமுன்பு சேர்தல் வேண்டும். அப்பொறுப்பு, இன்று தராசைப் பிடிக்கும் கைங்கர்யபரரின் கையில் உள்ளது.