குளோரின்: தூய்மை செய்யும் நச்சு வாயு

மாணவர்களே, பிளீச் புட்டியில் ஒட்டியுள்ள குறிப்பைப் படித்திருக்கிறீர்களா? மற்ற துப்புரவுத் திரவங்களுடன் கலக்க வேண்டாம் என அது எச்சரிக்கும். ஏன் கலக்கக்கூடாது? குளோரினின் பண்புகளை அறிந்தால் காரணம் புரியும்.

பண்புகள்

குளோரினின் அணு எண் 17. அதன் எலக்ட்ரான்கள் 2, 8, 7 என அமைந்துள்ளன. வெளிக்கூடு நிறைய இன்னும் ஓர் எலக்ட்ரான் தேவை. அதைப் பிற பொருள்களிடமிருந்து எளிதில் பெறுவதால் குளோரின் வினைத்திறன் மிக்கது.

அறை வெப்பநிலையில் இது மஞ்சள் கலந்த பச்சை நிற வாயு. நெடி மிக்கது, காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது. 1774இல் சுவீடனைச் சேர்ந்த ஷீலே இதைத் தயாரித்தார். இது ஒரு தனிமம் என்பதை 1810இல் ஹம்ப்ரி டேவி அறிவித்தார்.

பயன்கள்

சோடியத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பெற்றதும் குளோரின் அணு குளோரைடு அயனியாகிறது. நாம் உண்ணும் உப்பில் இருப்பது இந்த அயனிதான். அது நச்சு வாயு அன்று.

குடிநீரில் சிறிதளவு குளோரின் சேர்த்தால் ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாகும். அது காலரா, டைபாய்டு போன்ற நோய்க்கிருமிகளை அழிக்கிறது. நீச்சல் குளத்து நீரையும் இவ்வாறே சுத்திகரிக்கிறார்கள். பிவிசி குழாய்களின் மூலப்பொருளான பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான்.

ஆபத்து

பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. சில கழிப்பறைத் துப்புரவுத் திரவங்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் நிகழும் வினை இது:

சோடியம் ஹைப்போகுளோரைட்டு + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → சோடியம் குளோரைடு + நீர் + குளோரின் வாயு

இவ்வாயு கண், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து திசுக்களைப் புண்ணாக்கும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை இதையே ஆயுதமாக்கியது. கனமான வாயு பதுங்குகுழிகளுக்குள் இறங்கி வீரர்களைக் கொன்றது.

காற்றோட்டமில்லாத குளியலறையில் சிறிதளவு வாயுவும் தீங்கு செய்யும். ஆகவே பிளீச்சை வினிகருடனோ, அம்மோனியா உள்ள திரவத்துடனோகூட கலக்காதீர்கள். அம்மோனியாவுடன் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு உண்டாகும். தவறுதலாகக் கலந்துவிட்டால், சுத்தம் செய்ய முயலாமல் உடனே வெளியேறித் தூய காற்றுள்ள இடத்துக்குச் செல்லுங்கள், பெரியவர்களிடம் கூறுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவ உதவி தேவை.

சிந்திக்க: தீப்புகை சூழ்ந்தால் தரையோடு தாழ்ந்து செல்ல வேண்டும் என்பார்கள். குளோரின் கசிந்த இடத்தில் அப்படிச் செல்வது ஏன் தவறு? விடை மேலே, பண்புகள் பகுதியில் உள்ளது.