சிசேரியன்: தையல் பிரித்த பிறகும் தெரிந்திருக்க வேண்டியவை



நம் குழுவில் கர்ப்பிணி உறுப்பினர் கடன் கேட்டால், "ஆபரேஷனாத்தான் இருக்கும், கையில காசு வெச்சுக்கணும்" என்பதே இப்போது வழக்கமான பதில். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64, அரசு மருத்துவமனைகளில் 36.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சு கர்ப்பப்பை வாயை மறைத்தாலோ ஆபரேஷன்தான் இரண்டு உயிரையும் காப்பாற்றும். அப்போது தயங்கக் கூடாது. ஆனால் ஜோசியர் குறித்த நேரத்துக்காகக் கத்தி வைக்க வேண்டியதில்லை. ஏன்?

தாய்க்கு: கர்ப்பப்பையில் தழும்பு நிலைத்துவிடும். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அந்தத் தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளலாம். பிரசவத்தில் அது பிரியாமல் ரத்தம் கொட்டும்; கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். வலி வரும்போது தழும்பு பிரிந்துவிடுவதும் உண்டு. இவை அபூர்வம்தான். ஆனால் நஞ்சு ஒட்டும் ஆபத்து ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கூடிக்கொண்டே போகிறது.

குழந்தைக்கு: 39 வாரத்துக்கு முன்பே நாள் குறித்து எடுத்தால் மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். பிற்காலத்தில் ஆஸ்துமா, உடல் பருமன் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆபரேஷன்தான் காரணம் என்று உறுதியாகவில்லை. எனவே ஏற்கெனவே சிசேரியனில் பெற்ற தாய்மார்கள் பயப்பட வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது:

1. "எதுக்காக ஆபரேஷன்? கொஞ்சம் காத்திருக்கலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

2. டிஸ்சார்ஜ் சீட்டைக் குழுவின் பாஸ்புத்தகம் மாதிரி பத்திரமாக வையுங்கள்.

3. அடுத்த குழந்தைக்கு இரண்டு வருடமாவது இடைவெளி விடுங்கள்.

4. அடுத்த கர்ப்பம் உறுதியானதும், முந்தையது சிசேரியன் என்று நர்சம்மாவிடம் சொல்லுங்கள். ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

5. ஒரு தடவை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான் என்று கட்டாயமில்லை. பலருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஆனால் அது ஆபரேஷன் வசதியும் ரத்தமும் தயாராக உள்ள மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுவோம். பிரசவத்துக்குக் கடன் கொடுக்கும்போது, இந்தக் கேள்விகளையும் சேர்த்தே கொடுத்தனுப்புவோம்.