கணினியில் மென்பொருள்கள் மோதிக்கொண்டால்

திருமுறை ஓதும் போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் கிளை அலுவலகக் கணினி மக்கர் பண்ணியது. தமிழில் தட்டினால் பாதி எழுத்து காணாமல் போகிறது. நடுநடுவே தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வேறு.

“வைரஸ்தான் தம்பி, ஃபார்மட் பண்ணிடு” என்றார் செயலாளர் அண்ணன். பழைய உறுப்பினர் பதிவு முழுதும் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. “ஒரு ராத்திரி டைம் கொடுங்கண்ணே” என்றேன். முதல் வேலையாக எல்லாவற்றையும் பென்டிரைவில் காப்பி எடுத்தேன். நீங்களும் எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

வேறு கீபோர்டு மாட்டினேன், அதே கதை. ஆங்கிலத்தில் தட்டினால் கோளாறே இல்லை. ஆக, சிக்கல் மென்பொருளில்.

விண்டோஸில் இதற்கு ‘கிளீன் பூட்’ என்று ஒரு வழி உண்டு. விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். சர்வீசஸ் பகுதியில், மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் கட்டத்தை முதலில் டிக் செய்ய வேண்டும். இதை மறந்தால் விண்டோஸுக்கே தேவையானவையும் அணைந்துவிடும். பிறகு மிச்சமுள்ளதை அணைத்து, டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலையும் அணைத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆன்டிவைரஸும் அணைந்திருக்கலாம், அதனால் இன்டர்நெட் வயரைக் கழற்றி வைப்பது நல்லது.

அப்படிச் செய்து, தமிழ்த் தட்டச்சு மென்பொருளை மட்டும் கையால் திறந்தேன். எழுத்துகள் ஒழுங்காக வந்தன!

அணைத்தவை மொத்தம் 16. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் விடிந்துவிடும். பாதியை, அதாவது 8-ஐ, ஆன் செய்தேன். கோளாறு வரவில்லை என்றால் குற்றவாளி மற்ற எட்டில். அதில் 4, பிறகு 2, பிறகு 1. நான்கே ரீஸ்டார்ட்டில் ஆள் சிக்கிவிடும். ஆனால் சில நேரம் இந்தப் பாதியும் சரி, அந்தப் பாதியும் சரி, சேர்ந்தால்தான் சண்டை என்று வரும். அப்போது ஒரு பாதியை முழுதாக ஆனில் வைத்துக்கொண்டு மற்றப் பாதியை மட்டும் பிரித்துத் தேட வேண்டும்.

எனக்குச் சிக்கியது, எப்போதோ யாரோ போட்டுவைத்த இன்னொரு தமிழ்த் தட்டச்சு மென்பொருள். யூனிகோடுக்கு முந்திய காலத்து ஆசாமி. இரண்டும் ஒரே ஷார்ட்கட் கீயில் விழித்துக்கொள்கின்றன. ‘க்’ தட்டி அடுத்து ‘அ’ தட்டும்போது, புள்ளியை நீக்க மென்பொருள் தானாகவே ஒரு பேக்ஸ்பேஸ் அனுப்பும். இரண்டு பேரும் ஆளுக்கொன்று அனுப்பினால் புள்ளியோடு எழுத்தும் போச்சு. அந்த ஐரோப்பிய எழுத்துகள், பழைய குறியீட்டில் வந்த தமிழ்தான். அதை முதலிலேயே யோசித்திருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

அதை அழித்துவிடவும் முடியாது, பழைய பதிவுகளைத் திருத்த அது வேண்டும். ஸ்டார்ட்அப்பிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு, ஷார்ட்கட் கீயை மாற்றினேன். அணைத்த மற்றவற்றை மறக்காமல் மீண்டும் ஆன் செய்தேன். காலையில் அக்கா ஒருவர் வந்து போட்டியாளர் பட்டியலைத் தட்டி முடித்தார். அண்ணன் இன்னமும் வைரஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.