கீசர் ஒழுகுதா? முதல்ல சுவிட்சை அணை!

கீசர்ல தண்ணி ஒழுகுதுன்னா எல்லாரும் பக்கெட்டைத் தூக்கிட்டு ஓடுவாங்க. நீ ஈரக் கையைத் துடைச்சிட்டு முதல்ல சுவிட்சை அணை. கையோட மெயின் போர்டுல கீசருக்குன்னு இருக்கிற எம்சிபியையும் கீழே இறக்கிடு. சுவிட்ச் மட்டும் போதாதாக்கான்னு கேப்ப. வயரிங் பண்றப்போ ஃபேஸும் நியூட்ரலும் மாறிப்போன வீடுங்க நிறைய இருக்கு. அங்கே சுவிட்சை அணைச்சாலும் கீசருக்குள்ள கரன்ட் நிக்கும். குழாயைத் தொட்டப்போ ஒரே ஒரு தடவை சுருக்குன்னு அடிச்சிருந்தாக்கூட, எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைப் பார்க்கிற வரைக்கும் அந்தப் பாத்ரூம்ல யாரையும் குளிக்க விடாதே.

அடுத்து, கீசருக்குப் பச்சைத் தண்ணி போற ஆங்கிள் காக்கை மூடு. கீசர் அடியில நீல வளையம் இருக்கிற பக்கம் பச்சைத் தண்ணி, சிவப்பு பக்கம் வெந்நீர். வருஷக்கணக்கா திருப்பாத காக் இறுகிப் போயிருக்கும். பிளேயர் போட்டு முறுக்கினா கையோட வந்துடும், அப்புறம் பாத்ரூம் குளமாகும். அது திரும்பலைன்னா மொட்டை மாடி டேங்க் வால்வையே மூடிடு.

இப்போ பிளம்பருக்கு போன் பண்ணாதே, கொஞ்சம் பொறு. எங்கே ஒழுகுதுன்னு நீ பார்த்து வச்சிருந்தாத்தான் வர்றவர் "கீசரே போச்சுங்க"ன்னு சொல்றப்போ உன்னால எதிர்க்கேள்வி கேட்க முடியும். பழைய துணியால மொத்தத்தையும் துடை. கரன்ட் அணைஞ்சே இருக்கட்டும், தண்ணியை மட்டும் திறந்துவிடு. ஒவ்வொரு ஜாயின்ட்லயும் காகிதத் துண்டைச் சுத்தி வச்சுப் பாரு, எது முதல்ல நனையுதோ அங்கேதான் கோளாறு. ஃபிளாட்ல இருக்கிறவங்க கீசருக்கு மேலே இருக்கிற சுவரையும் சீலிங்கையும் ஒரு தடவை தடவிப் பாருங்க. மேல் வீட்டு பாத்ரூம் கசிவு பைப் வழியா இறங்கி வந்து நம்ம கீசர் மேல பழி போடுறது உண்டு.

கனெக்‌ஷன் பைப் ஜாயின்ட்ல ஒழுகினா கவலையே வேண்டாம். உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் சூட்டுல வெந்து காய்ஞ்சு போயிருக்கும். வாஷரையோ பைப்பையோ மாத்தினா முடிஞ்சது. புது வாஷர் போட்டுட்டு வெறி பிடிச்ச மாதிரி முறுக்கக் கூடாது. கையால இறுக்கி, ஸ்பேனரால கால் சுத்து போதும்.

நிறைய பேர் பயந்துபோற இடம் சேஃப்டி வால்வு. பச்சைத் தண்ணி பக்கம் பித்தளையில சின்னதா ஒண்ணு தொங்கும். தண்ணி சூடானா விரியும். 15 லிட்டர் கீசர்ல 25 டிகிரி தண்ணியை 60 டிகிரிக்குக் கொண்டு போனா, ஒரு டம்ளர் அளவு, அதாவது சுமார் 200 மில்லி, கூடிடும். அது வந்த வழியே திரும்ப முடியாதபடி வால்வு தடுத்திருந்தா, சூடாகிற நேரத்துல அதே வால்வு வழியா சொட்டு சொட்டா வெளியேறும். அது வால்வு தன் வேலையைச் செய்யுறது. சூடாகி முடிஞ்ச பிறகும், கரன்ட் இல்லாதப்பவும் நிக்காம ஒழுகினாத்தான் கோளாறு. வால்வுல உப்பு அடைச்சிருக்கலாம், இல்லைன்னா பிரஷர் பம்ப் தேவைக்கு மேல தள்ளிக்கிட்டு இருக்கலாம். எது எப்படியோ, சொட்டுதேன்னு அந்த ஓட்டையை எம்சீல் வச்சு அடைக்கிற புத்திசாலித்தனம் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரஷர் போக வேற வழி கிடையாது, டேங்க் வெடிச்சுடும்.

அடி மூடிக்குள்ள இருந்து வழியுதா? மூடியை நீ கழட்டாதே, வயரிங் எல்லாம் அங்கேதான் இருக்கு. சர்வீஸ்காரர் வந்து திறக்கட்டும். ஹீட்டிங் எலிமென்ட்டைச் சுத்தி இருக்கிற கேஸ்கெட் போயிருந்தா அதை மட்டும் மாத்தலாம். டேங்க்கே ஓட்டைன்னா, அதுலயும் துருப்பிடிச்ச கலர்ல தண்ணி வழிஞ்சா, வெல்டிங் வைக்கிறேன்னு யார் சொன்னாலும் காசு கொடுக்காதே. உள்பூச்சு போன டேங்க், ஒட்டின இடத்துக்குப் பக்கத்துலயே மறுபடி அரிக்கும். ஆனா பழைய பில்லைத் தேடி எடு. நிறைய கம்பெனிகள் டேங்க்குக்குத் தனியா, கூடுதல் வருஷத்துக்கு வாரன்டி தர்றாங்க.

போர் தண்ணி வீடுகளுக்கு இன்னொரு விஷயம். பக்கெட் விளிம்புல வெள்ளையா படியுதே, அதேதான் கீசருக்குள்ள எலிமென்ட் மேலயும் படியுது. டேங்க்குக்குள்ள ஆனோடு ராடுன்னு ஒரு மக்னீசியம் கம்பி இருக்கும். டேங்க் அரிக்காம இருக்க, அது தன்னைத் தானே கரைச்சுக்கும். அது முழுசா கரைஞ்சு போச்சுன்னா அடுத்தது டேங்க்தான். வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்றப்போ அந்தக் கம்பியை எடுத்து உன் கண்ணுல காட்டச் சொல்லு. பாதிக்கு மேல இளைச்சிருந்தா மாத்திடு. தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல ஏத்தாதே, சூடு ஏற ஏற உப்பும் சீக்கிரமா படியும். நம்ம ஊர் வெயிலுக்கு 50-ஏ தாராளம்.

கீசர் போட்டதும் ஆர்சிசிபி விழுந்துக்கிட்டே இருந்தா, திரும்பத் திரும்பத் தூக்கி விடாதே. கரன்ட் எங்கேயோ கசியுதுன்னு அது சொல்லுது, பெரும்பாலும் எலிமென்ட் வெடிச்சு தண்ணிக்குள்ள கசியும்.

ரிப்பேர் முடிஞ்சதும், "போட்டுப் பாருங்கக்கா"ன்னு சொன்ன உடனே சுவிட்ச் கிட்ட போகாதே. ஆங்கிள் காக்கைத் திறந்து, வெந்நீர் குழாயையும் திறந்து வை. முதல்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வரும், அப்புறம் தண்ணி விட்டு விட்டு வரும். ஒரே சீரா கொட்ட ஆரம்பிச்சாத்தான் டேங்க் நிரம்பியிருக்குன்னு அர்த்தம். வெறும் டேங்க்ல கரன்ட் கொடுத்தா புது எலிமென்ட் அங்கேயே எரிஞ்சு போகும்.