நான்கு தடம், ஆறு நிமிடம்

"ஓபி-1 வாங்கலாமா?" என்று கேட்டு வரும் தம்பி தங்கைகளிடம் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: "ஆரம்பிச்ச பாட்டை முடிக்கிற பழக்கம் இருக்கா?" தயங்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கருவியை முதலில் சொல்வேன். கணினியில் தடங்களுக்குக் கணக்கே இல்லை. வாசித்ததை அழிக்கலாம், அழித்ததை மீட்கலாம், எந்த வாத்தியம் என்பதை அடுத்த மாதம்கூட முடிவு செய்யலாம். அந்தத் தாராளத்தில் பாதியிலேயே நின்றுபோகும் மெட்டுகள் ஏராளம். ஓபி-1 அந்தத் தாராளத்தைக் குறைத்து, கேட்டு முடிவெடுக்கும் பொறுப்பை நம் காதிடம் ஒப்படைக்கிறது. குறும்படங்களுக்கும் நாடகங்களுக்கும் இசை செய்யும் வேலையில் இதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திக் கற்றுக்கொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

கருவி அறிமுகம்

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 2005இல் தொடங்கப்பட்ட டீனேஜ் என்ஜினியரிங் நிறுவனம் 2011இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவி இது. நீளம் சுமார் 28 செ.மீ. எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 24 கட்டைகள், அதாவது இரண்டு ஸ்தாயி. இந்தச் சிறு உடலுக்குள் சிந்தசைசர், சாம்ப்ளர், டிரம், சீக்வென்சர்கள், எஃபெக்டுகள், நான்கு தட ஒலிப்பதிவு நாடா, மிக்ஸர், மைக், எஃப்.எம். ரேடியோ, ஸ்பீக்கர் எல்லாம் இருக்கின்றன. ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 16 மணி நேரம் ஓடும். 2022இல் இதன் அடுத்த வடிவமான ஓபி-1 ஃபீல்ட் வந்தது. அதில் ஸ்டீரியோ பதிவு, 32 பிட் தரம், 24 மணி நேர பேட்டரி, பல நாடாக்களை வைத்துக்கொள்ளும் வசதி ஆகியவை சேர்ந்தன. நான் சொல்லும் அளவுகள் பழைய கருவிக்குரியவை. வேலை செய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

முதலில் நாடாவைப் பழகுங்கள்

புதிதாக வாங்குபவர்கள் நேராகச் சிந்தசைசருக்குப் போவார்கள். திரையில் மாடும் குத்துச்சண்டை வீரரும் அசைவதைப் பார்த்தபடி குமிழ்களைத் திருப்புவதில் நேரம் போவதே தெரியாது. என் யோசனை, முதல் வாரம் நாடாவோடு மட்டும் இருங்கள். உள்ளே இருப்பது டிஜிட்டல் நினைவகம்தான். ஆனால் அது பழைய ஸ்பூல் நாடாவைப் போலவே முன்னால் ஓடும், பின்னால் ஓடும், மெதுவாகும், நிற்கும். சாதாரண வேகத்தில் மொத்தம் 6 நிமிடம்.

இதில் பதிவாவது ஒலி. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்ற குறிப்பு எதுவும் நாடாவில் நிற்பதில்லை. அதனால் புல்லாங்குழல் மாதிரி ஒரு ஒலியில் வாசித்துவிட்டு, பிறகு அதையே வயலின் மாதிரி மாற்ற முடியாது. செய்ததை மீட்டெடுக்கும் பொத்தானும் இல்லை. ஆகவே ரெக்கார்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒலியை முடிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஒலிக்கும் நான்கு பக்கங்கள் உண்டு: ஒலி பிறக்கும் இடம், அது எழுந்து அடங்கும் வடிவம், எஃபெக்ட், ஒலியை அசைக்கும் எல்.எஃப்.ஓ. இந்த நான்கையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே பதிவான தடங்களை ஓடவிட்டு அவற்றின் மேல் ஒருமுறை பதிவு செய்யாமல் வாசித்துப் பாருங்கள். தனியாகக் கேட்கும்போது கம்பீரமாக இருக்கும் ஒலி, மற்றவற்றோடு சேரும்போது எல்லாவற்றையும் மூடிவிடும். அதைப் பதிவுக்கு முன்பே கண்டுகொள்ள இந்த ஒத்திகை போதும்.

காலப்பிரமாணத்தையும் முதல் தடத்துக்கு முன்பே தீர்மானியுங்கள். பிறகு நாடாவின் வேகத்தை மாற்றினால் சுருதியும் கூடவே மாறும்.

நான்கு தடம் போதுமா என்று தயங்குபவர்களுக்கு வரலாறு தைரியம் சொல்லும். பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' தொகுப்பு 1967இல் வெளிவந்தபோது, லண்டன் இ.எம்.ஐ. ஒலிக்கூடத்தில் இருந்தவை நான்கு தட இயந்திரங்களே. தடங்கள் நிரம்பியதும் அவற்றை ஒன்றாக்கி இடம் உண்டாக்கிக்கொண்டார்கள். 1979இல் டாஸ்கம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ, கேசட்டில் நான்கு தடம் பதியும் வசதியை வீட்டுக்குக் கொண்டுவந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' (1982) அப்படி ஒரு கருவியில் வீட்டில் பதிவானதுதான். ஓபி-1 அந்த மரபின் வாரிசு.

தடங்களைப் பங்கிடுவது

நான் பெரும்பாலும் இப்படிப் பிரிப்பேன்: முதல் தடம் தாளத்துக்கு, இரண்டாவது பேஸுக்கு அல்லது சுருதிக்கு, மூன்றாவது பின்னணி நாதத்துக்கு, நான்காவது மெட்டுக்கு அல்லது குரலுக்கு. ஒரே தடத்தில் மறுபடி பதிந்தால் பழையது அழியாது. புதியது அதன்மேல் சேரும். இதுதான் இந்தக் கருவியின் பெரிய வசதி. தாளத்தை ஒரே வீச்சில் வாசிக்கத் தேவையில்லை. அடித்தளமான அடிகளை முதல் சுற்றில், இடைச் சொற்களை அடுத்த சுற்றில், கஞ்சிரா போன்ற சன்னமான ஒலிகளைக் கடைசியில் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றும் சேரச் சேர ஒலியளவு ஏறும், முடிவில் பிசிறடிக்கும். முதல் சுற்றைக் கொஞ்சம் அடக்கியே பதிவு செய்யுங்கள்.

தவறிப்போனால் மீட்க வழி வேண்டும் அல்லவா? லிஃப்ட், டிராப் என்ற இரண்டு பொத்தான்கள்தான் அந்தக் காப்பு. நல்லபடியாக அமைந்த பகுதியை லிஃப்ட் செய்து, அதே இடத்தில் டிராப் செய்யுங்கள். பிறகு நாடாவின் கடைசிப் பகுதிக்குப் போய் இன்னொருமுறை டிராப் செய்யுங்கள். இப்போது ஒரு பிரதி பத்திரமாக இருக்கிறது. முன்பகுதியில் துணிந்து எதையும் செய்யலாம். லிஃப்ட் செய்தது ஒன்றுதான் நினைவில் நிற்கும், அடுத்ததை எடுத்தால் முந்தையது போய்விடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நான்கும் நிரம்பினால் அவற்றை ஒரே தடமாக இணைத்து மூன்றைக் காலி செய்துகொள்ளலாம். இணைத்த பிறகு பேஸை மட்டும் தனியாகக் குறைக்க வழியில்லை. எனவே இணைப்பதற்கு முன் ஹெட்ஃபோனில் முழுவதும் கேட்டு அளவுகளைச் சரிசெய்யுங்கள். கருவியின் சிறிய ஸ்பீக்கரை நம்பி இந்த முடிவை எடுக்காதீர்கள், அதில் கீழ்ஸ்தாயி சரியாகக் கேட்காது.

உலகத்தை உள்ளே எடுப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சாம்ப்ளர். மெட்டு வாசிப்பதற்கான சாம்ப்ளரில் 6 விநாடி, டிரம் சாம்ப்ளரில் 12 விநாடி பதியலாம். அந்த 12 விநாடியை 24 கட்டைகளுக்கும் துண்டு துண்டாகப் பிரித்துக்கொடுக்கலாம். எவர்சில்வர் தட்டு, கதவுத் தாழ்ப்பாள், இட்லிப் பானை மூடி, கோணிப்பையில் விழும் அடி, இவை போதும் ஒரு முழுத் தாளக் கட்டு உருவாக்க. ஒரு நாடகத்துக்குத் தாளம் முழுவதையும் சமையலறைப் பாத்திரங்களிலிருந்தே எடுத்தேன். கதை நடக்கும் வீட்டின் குரல் இசைக்குள் வந்துவிட்டது.

சில குறிப்புகள். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு உள் மைக்கில் பதிந்தால் விரல் உரசலும் சேர்ந்து விழும். மடித்த துண்டின் மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பதிந்த பின் தொடக்கப் புள்ளியை ஒலி எழும் இடத்துக்கு ஒட்டி நகர்த்துங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு சரியாக வாசித்தாலும் தாளம் பின்தங்கியே கேட்கும். குரலைப் பதிவதானால் தம்பூரா செயலியோடு சுருதி சேர்த்துவிட்டுப் பாடுங்கள். மேல் கட்டைகளில் குரல் வேகமாகவும் மெல்லியதாகவும், கீழே மந்தமாகவும் மாறும். அதனால் ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியில் ஒன்று, மேல் ஸ்தாயியில் ஒன்று என்று இரண்டாகப் பாடிப் பதிந்து வைத்துக்கொண்டால் இயல்பு கெடாது.

போன் ஐவர் குழுவின் '22, ஏ மில்லியன்' (2016) தொகுப்புக்கு வித்திட்டது, ஜஸ்டின் வெர்னன் கிரேக்கத் தீவுப் பயணத்தில் இந்தக் கருவிக்குள் பாடிவைத்த ஒரு சிறு சொற்றொடர்தான். மனதில் ஒரு வரி எழுந்த அதே இடத்தில், அதே நேரத்தில் அதைப் பிடித்து உடனே வாத்தியமாக்க முடிவதுதான் கையடக்கக் கருவியின் உண்மையான பலன்.

கமகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லெகாட்டோ முறையில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல முடியும். ஜாரு ஓரளவுக்குக் கிடைக்கும். தோடியின் காந்தார அசைவைக் கட்டைகளில் எதிர்பார்க்காதீர்கள். அந்த இடங்களில் மைக்கில் பாடியோ, வீணையை லைன் இன் வழியாக இணைத்தோ நேராக நாடாவில் பதிவு செய்யுங்கள். கருவிக்கு வராததை மனிதரிடமிருந்து வாங்குவதே சரி.

தாளமும் வேகமும்

சீக்வென்சர்களில் எனக்கு அதிகம் கைகொடுப்பது எண்ட்லெஸ். ஸ்வரங்களையும் இடைவெளிகளையும் வரிசையாக ஊட்டினால், எத்தனை இருக்கிறதோ அத்தனையும் ஒரு சுற்று. மிஸ்ர சாபுவுக்கு ஏழு, கண்ட சாபுவுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம். மேலை நாட்டு நாலு கால் கணக்கு நம்மைக் கட்டுப்படுத்தாது. டொம்போலா என்ற இன்னொரு சீக்வென்சரில் ஸ்வரங்கள் சுழலும் அறுகோணப் பெட்டிக்குள் பந்துகளாக விழுந்து மோதும். தாளமில்லாத காட்சிகளுக்கு, மழை, காத்திருப்பு, நினைவு போன்றவற்றுக்கு, அது தரும் சிதறல் அழகு. அதை ஓடவிட்டு நாடாவில் பதிந்து, நன்றாக விழுந்த சில விநாடிகளை மட்டும் வெட்டி எடுங்கள்.

நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு வாசித்து, பிறகு சாதாரண வேகத்துக்குக் கொண்டுவந்தால், வாசித்தது இரட்டை வேகத்தில் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். விரலுக்கு எட்டாத துரித காலச் சங்கதிகளை இப்படிப் பெறலாம்.

முடிப்பது

ஆல்பம் என்ற பகுதியில் இசைத்தட்டைப் போல ஏ பக்கம், பி பக்கம் என இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் 6 நிமிடம். நான்கு தடங்களும் கலந்த ஒலி அங்கே அப்போதே பதிவாகும். ஓடும்போதே ஒரு தடத்தை ஒலிக்காமல் நிறுத்தலாம், ஏற்றலாம், மேலே புதிதாக ஏதாவது வாசிக்கலாம். அதனால் கலவை என்பதே ஒரு கச்சேரி ஆகிவிடுகிறது. இரண்டு மூன்று முறை ஒத்திகை பாருங்கள், பிறகு பதியுங்கள், அதோடு முடிந்தது என்று கொள்ளுங்கள்.

அடுத்த பாட்டுக்காக நாடாவை அழிப்பதற்கு முன் யூ.எஸ்.பி. வழியாகக் கணினியில் இணையுங்கள். நாடாவின் நான்கு தடங்களும் ஆல்பத்தின் இரு பக்கங்களும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். தேதியும் பாட்டின் பெயரும் இட்ட ஒரு கோப்புறையில் அவற்றை நகலெடுத்து வையுங்கள். இயக்குநர் "குரல் இல்லாமல் வேணும்" என்று கேட்டு வரும் நாளில் அந்தத் தனித் தடங்கள்தான் காப்பாற்றும்.

ஃபீல்ட் வெளிவந்தபோது அதன் விலை 1,999 டாலர். எல்லோராலும் முடியாத தொகை. கடன் வாங்கி இதை வாங்குங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். முதலில் கைபேசியில் ஏதாவது ஒரு பதிவுச் செயலியைத் திறந்து, நான்கு தடத்துக்கு மேல் போவதில்லை, மீட்கும் பொத்தானைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு ஒரு பாட்டைச் செய்து முடியுங்கள். முடித்ததை உங்கள் இசையை நேர்மையாக விமர்சிக்கும் ஒருவருக்குப் போட்டுக்காட்டி, அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போங்கள். இந்த முறை உங்களுக்குப் பொருந்துகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பொருந்தினால் அதன் பிறகு கருவிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம். அது வந்து சேரும்போது உங்களிடம் முடித்த பாட்டுகள் சில ஏற்கெனவே இருக்கும்.